ஒரே மேய்ச்சல் நிலம், நான்கு பெயர்கள்: தார் பாலையின் மண்ணை எப்படி வகைப்படுத்துவது?

ஜெய்சல்மேர் பக்கம் ஓர் ஊரின் ஓரண் நிலத்தையோ கோசர் நிலத்தையோ மீட்டெடுக்கக் கிளம்பும் குழு முதலில் மண்ணைப் பார்த்தாக வேண்டும். ஓரண் என்பது ஊர்த் தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் விட்டுவைத்த காடு. கோசர் என்பது ஊர்க் கால்நடைகளின் பொது மேய்ச்சல் தரை. இவற்றில் எங்கே பாலைக்குரிய சேவண் புல்லை விதைப்பது, எங்கே விதைக்காமல் சில ஆண்டு கால்நடை நுழையாதபடி அடைப்புப் போட்டால் போதும், எங்கே கையே வைக்கக் கூடாது என்பதை எல்லாம் மண்தான் சொல்லும். குழி தோண்டிப் பார்த்த பிறகு அறிக்கையில் அந்த மண்ணுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். அந்த இடத்தில் குழு தடுமாறும். ஏனென்றால் கையில் நான்கு வகைப்பாடுகள் இருக்கின்றன: அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு, உலக மண் வள ஆதார வகைப்பாடு, நிலத்திறன் வகுப்பு, சூழல் தளம் என்ற மேய்ச்சல் நிலப் பிரிப்பு. ஒரே குழிக்கு நான்கும் நான்கு விதமாகப் பேசும். எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து அந்த நிலத்தின் தலையெழுத்தே மாறக்கூடும் என்பதால், தேர்வை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜெய்சல்மேரில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழை. கிழக்கே ஜோத்பூர் போனால் 360 அளவில் வரும். இதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். வெயிலும் காற்றும் ஓராண்டில் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய நீரோ ஏறத்தாழ 2000 மி.மீ. இந்தக் கணக்கில் மண்ணில் கரிமம் சேர வழியில்லை. கரைந்து வெளியேற வேண்டிய சுண்ணாம்பும் வெளியேற வழியில்லை. மழைநீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு ஆழத்தில் சுண்ணாம்பை விட்டுவிட்டு ஆவியாகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் முதலில் வெள்ளை நூலிழைகள், பிறகு சுக்கான் முடிச்சுகள், கடைசியில் கடப்பாரை மோதித் தெறிக்கும் கெட்டித் தகடு என்று ஆகும்.

பேச்சு தெளிவாக இருக்க, தாரில் பரவலாகக் காணக்கூடிய மூன்று வகைக் குழிகளை மாதிரியாக வைத்துக்கொள்வோம். முதலாவது, மணல் மேட்டில் தோண்டியது. ஒன்றரை மீட்டர் போனாலும் ஒரே நுண்மணல். அடுக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது, மேடுகளுக்கு இடையே விரிந்த மணற்சமவெளியில் தோண்டியது. மேலே மணற்சாரி, அரை மீட்டருக்குக் கீழே சற்றே இறுக்கம், அதோடு சுக்கான் முடிச்சுகள். மூன்றாவது, சரளை தெரியும் மேட்டு நிலத்தில் தோண்டியது. ஒன்றரைச் சாண் மண்ணுக்குக் கீழே, 35 செ.மீ. அளவில், கெட்டிச் சுக்கான் தகடு.

பெயர்களைப் பார்க்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தீர்ப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. மழை மிகுந்த ஊர்களில் களிமண் நல்ல மண், மணல் ஏழை மண். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பாலையில் இது தலைகீழாகிறது. மணலில் ஒரு மில்லிமீட்டர் மழை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாகவே இறங்கும். களிமண்ணில் அதில் பாதிகூட இறங்காது. இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் மணலில் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான ஆழம் வரை நனையும். களியிலோ மேல் எட்டு பத்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். வெயில் சுடச்சுட உறிஞ்சுவது அந்த மேற்பகுதியைத்தான். மணலில் மேல் விரற்கடைகள் காய்ந்ததும் அதுவே மூடாக்காகி, கீழே இறங்கிய ஈரத்தைக் காப்பாற்றுகிறது. 1973இல் இஸ்ரேலிய சூழலியலாளர் நோய்-மேயர் இதைத் தெளிவாக எடுத்து எழுதினார். ஆழ வேர் விடும் சேவண் 250 மி.மீ.க்கும் குறைந்த மழையில் மணலில் பல ஆண்டு நிலைத்து வாழ்வதன் ரகசியமும் இதுவே. ஆகவே பாலை மேய்ச்சல் தரைக்கு மண்ணை வகைப்படுத்துகிறவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மேலே எவ்வளவு மணல்? சுண்ணாம்பு எந்த ஆழத்தில் ஆரம்பிக்கிறது, எவ்வளவு கெட்டி? பக்கத்து மேட்டிலிருந்து மழைநீர் இந்த இடத்துக்கு ஓடி வருகிறதா, இங்கிருந்து ஓடிப் போகிறதா?

அமெரிக்க மண் வகைப்பாடு 1975இல் புத்தகமாக வந்தது. 1999இல் இரண்டாம் பதிப்பு. நாக்பூரில் 1976இல் அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் மையம் இந்தியாவின் மண் வரைபடங்களை இதில்தான் எழுதுகிறது. ராஜஸ்தான் வரைபடமும் அப்படித்தான். இந்த ஒரு காரணமே அதற்குப் பெரிய பலம்: உங்கள் குழியை ஏற்கனவே இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட முடியும். இந்த முறையில் நம் முதல் குழி என்டிசால் (அடுக்கு உருவாகாத மண்) வரிசையில் டாரிப்சமென்ட், அதாவது வறண்ட மணல் மண். இரண்டாவது ஏரிடிசால் (அடுக்கு உருவான வறண்ட நில மண்) வரிசையில் ஹாப்ளோகால்சிட், அதாவது கால்சிட் என்னும் சுண்ணாம்பு அடுக்கு மண்ணில் ஒரு வகை. மூன்றாவது அதே வரிசையில் பெட்ரோகால்சிட், அதாவது சுண்ணாம்பு கல்லாக இறுகிய மண். இன்னும் நுண்ணிய பிரிவான குடும்பத்தின் பெயரில் ‘ஆழம் குறைந்தது’ என்ற அடைமொழியும் சேரும், ஏனென்றால் வேர் நுழைய முடியாத தகடு 50 செ.மீ.க்குள் இருக்கிறது.

மூவருக்கும் பொதுவான குணம் பெயரிலேயே இருக்கிறது: வறண்ட ஈர நிலை. தாவரம் வளரத் தக்க வெப்பமுள்ள நாட்களில் பாதிக்கு மேல் மண் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். தொடர்ந்து 90 நாள் ஈரம் நிற்கக் கூடாது. தார் இதற்கு அப்படியே பொருந்துகிறது. மேய்ச்சலுக்கு ஈரம்தான் உயிர் என்பதால் பெயருக்குள் ஈரத்தைக் கொண்டுவந்த முறை மேல் என்றே நான் நினைக்கிறேன்.

மணல் மேடு ஏன் ஏரிடிசால் ஆகவில்லை என்று பலருக்குக் குழப்பம் வருவதுண்டு. பாலையில் இருந்தால் மட்டும் போதாது. மண்ணுக்குள் ஏதாவது அடுக்கு உருவாகியிருக்க வேண்டும் என்பது விதி. சுண்ணாம்பு அடுக்கு, ஜிப்சம் அடுக்கு, உப்பு அடுக்கு, களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு, குறைந்தபட்சம் நிறமும் கட்டமைப்பும் சற்றே மாறிய காம்பிக் அடுக்கு என்று ஏதோ ஒன்று. வெறும் மணலில் காம்பிக் அடுக்கு இருப்பதாக விதி ஒப்புக்கொள்வதில்லை. அதனால் மணல் மேடு என்டிசாலோடு நின்றுவிடுகிறது.

குறை எங்கே என்றால், கோடுகளில். சுண்ணாம்பு அடுக்கு 95 செ.மீ.இல் தொடங்கினால் கால்சிட். 105இல் தொடங்கினால், மேலே மணல் மட்டும் என்றால், டாரிப்சமென்ட். வரிசையே மாறிவிடுகிறது. சேவண் வேருக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று காற்று. பழைய மண்ணின் மேல் 50 செ.மீ. புதுமணல் வந்து படிந்தால், கீழே இருப்பது புதைந்த மண்ணாகி, மேலே வந்த மணலே பெயரைத் தீர்மானிக்கும். தாரில் கோடைக் காற்று மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வேலியோரத்தில் அவ்வளவு மணல் சேர்வது அதிசயம் இல்லை. பெயர் மாறியது என்பதற்காக மண் வேறாகிவிட்டது என்று அறிக்கை எழுதினால் அது தவறான அறிக்கை. இதற்குப் பரிகாரம் எளிது: பெயரோடு அளவையும் எழுதுங்கள். ‘ஹாப்ளோகால்சிட், சுக்கான் தொடக்கம் 52 செ.மீ.’ என்று எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

உலக மண் வள ஆதார வகைப்பாடு 1998இல் தொடங்கி, 2022இல் நான்காம் பதிப்பு கண்டது. மண்ணை 32 பெருங்குழுக்களாகப் பிரிக்கிறது. நம் முதல் குழி அரினோசால், அதாவது மணல் மண். இரண்டாவதும் மூன்றாவதும் பொதுவாகக் கால்சிசால், அதாவது சுண்ணாம்பு சேர்ந்த மண். ‘பொதுவாக’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த முறையில் சுண்ணாம்பு அடுக்கு என்று பெயர் பெற 15 சதவீதம் சுண்ணாம்பு வேண்டும். அமெரிக்க முறையோ களி குறைந்த மணற்பாங்கான மண்ணுக்குச் சலுகை தருகிறது: முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால் 5 சதவீதமே போதும். ஆக 8 சதவீதம் சுண்ணாம்புள்ள மணற்சமவெளி மண் அமெரிக்கக் கணக்கில் கால்சிட், உலகக் கணக்கில் அரினோசால். இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் இது வெவ்வேறு நிலம் என்று எண்ணிவிடுவார். தார் மண்ணில் இந்த இடறல் அடிக்கடி வரக்கூடியது.

உலக முறை வானிலையை வேண்டுமென்றே வெளியே வைக்கிறது. 1974ஆம் ஆண்டின் பழைய உலக மண் வரைபடத்தில் யெர்மோசால், செரோசால் என்று வறட்சியை வைத்துப் பெயரிட்ட குழுக்கள் இருந்தன. 1988 திருத்தத்தில் அவை போயின. மண்ணை மண்ணில் தெரிவதை வைத்தே அழைக்க வேண்டும் என்ற கொள்கை அறிவியலாகச் சரிதான். ஆனால் விளைவு என்ன? ஜெய்சல்மேர் மணல் மேடும், ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்கும் கடற்கரை மணலும் ஒரே அரினோசாலில் அடங்கிவிடும். புல் விதைக்கப் போகிறவருக்கு இது உதவாது. சகாராவின் மேய்ச்சல் நிலங்களோடு தாரை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்களா, இதைப் பயன்படுத்துங்கள். ஊர் நிலத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது வழியான நிலத்திறன் வகுப்பைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. 1961இல் அமெரிக்க வேளாண் துறையின் கையேடு ஒன்று நிலத்தை எட்டு வகுப்பாகப் பிரித்தது. முதல் நான்கும் உழவுக்கு. ஐந்து முதல் ஏழு வரை மேய்ச்சலுக்கும் காட்டுக்கும். எட்டு எதற்கும் ஆகாதது, காட்டுயிர்க்கு விட்டது. உழவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கப் பிறந்த முறை இது. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. அதைத் தாருக்குக் கொண்டுவந்தால் நம் முதல் குழி ஏழாகவோ எட்டாகவோ விழும், இரண்டாவது ஆறு ஏழு என்று வரும். சேவண் செழிக்கும் மணல் நிலம் பட்டியலின் அடியில் போய் உட்காரும். மேலே சொன்ன தலைகீழ் விதி இந்த வகுப்புக்குத் தெரியாது. அதன் பார்வையில் மணல் என்றால் குறை, ஆழமான மணல் என்றால் பெருங்குறை.

எண் எட்டுக்குப் பக்கத்தில் ‘தரிசு’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்புகளில் பாலை மணலுக்கென்று தனி வகையே இருக்கிறது. தரிசு என்று எழுதிய நிலத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொடுப்பது அலுவலகத்தில் சுலபம். சூரிய மின் பூங்காவோ காற்றாலையோ வரும்போது, அந்த நிலத்தில் ராய்க்கா இடையர்களின் ஒட்டகங்கள் மேய்ந்ததும், கானமயில் முட்டையிட்டதும் கணக்கில் ஏறாமல் போகும். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புல்வெளியைப் புல்வெளி என்று எழுதிய பிறகு அந்த முடிவை எடுக்கட்டும்.

இதே முறை எதிர்ப்பக்கத்திலும் தவறு செய்யத் தூண்டும். பாசனம் வந்தால் இரண்டாவது குழியின் வகுப்பு ஒரே தாவலில் மேலேறிவிடும். 1958இல் வேலை தொடங்கிய, இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் கால்வாயின் நீர் வந்த இடங்களில் சேவண் தரைகள் உழவு நிலமாகின. நீர் இறங்க முடியாத சுக்கான், ஜிப்சம் அடுக்குகள் ஆழத்தில் இருந்த இடங்களில் தண்ணீர் தேங்கி, உப்பு மேலே ஏறியது. அமெரிக்க வகைப்பாட்டுப் பெயர் அந்த அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். வகுப்பு எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது.

நான்காவது வழி, சூழல் தளம். இது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பக்கப் பாலையில் நன்கு வளர்ந்த முறை. ஆகவே கொஞ்ச நேரம் அங்கே போவோம். லாஸ் குரூசஸ் நகருக்கு அருகே 1912இல் ஹோர்னடா மேய்ச்சல் ஆய்வு நிலையம் தொடங்கியது. சராசரி மழை 245 மி.மீ. அளவு; அதில் பாதிக்கு மேல் கோடையின் பிற்பகுதியில் வரும். 1858ஆம் ஆண்டு நில அளவைக் குறிப்புகளையும் 1963ஆம் ஆண்டு நிலையையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1965இல் வெளியானது: முதலில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பில் நல்ல புல் இருந்தது, நூறாண்டில் அது கால் பங்குக்கும் கீழே போனது. புல்லின் இடத்தைப் பிடித்த மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே வட்டாரத்தில் 1957 முதல் லீலண்ட் கைல் என்ற மண்ணியலாளரும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கில் குழிகள் தோண்டி, சுண்ணாம்பு சேர்வதை நான்கு கட்டமாகப் பிரித்து 1966இல் எழுதினார்கள்: இழைகள், முடிச்சுகள், துளைகள் அடைபட்ட அடுக்கு, அதன் மேல் படியும் தகடு. உலகெங்கும் பாலை மண்ணைப் பார்ப்பவர்கள் இன்றும் இந்தக் கட்டங்களைத்தான் எழுதுகிறார்கள்.

சூழல் தளம் என்பது மண்ணையும் மழையையும் சேர்த்துப் பார்த்து, ஒரே மாதிரித் தாவரத்தைத் தாங்கக்கூடிய, கலைத்தால் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் நிலங்களை ஒரு குழுவாக்குவது. ‘மணற்தளம்’, ‘ஆழம் குறைந்த மணற்தளம்’, ‘சரளைத்தளம்’, ‘களித்தளம்’ என்று பெயர்கள் எளிமையாக இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் அது என்னென்ன நிலைகளில் இருக்கலாம் என்ற விவரிப்பு உண்டு: அடர் புல், திட்டுத்திட்டான புல், புதர், வெற்று மணல். எந்த நிலையிலிருந்து எதற்குப் போகும், திரும்பி வருமா, எதனால் வரும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். மற்ற மூன்று முறைகளாலும் முடியாத வேலை இது. அடர்ந்த சேவண் தரையும், ஆடுகள் மேய்ந்து தீர்த்த வெற்று மணலும் இரண்டுமே டாரிப்சமென்ட்தான். பெயரில் நிலத்தின் இன்றைய உடல்நிலை இல்லை.

ஹோர்னடாவில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. வேர் நுழையாத கெட்டிச் சுக்கான் தகடு நீருக்கும் எதிரி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2007இல் வெளியான ஆய்வு, அந்தத் தகடே கணிசமான நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு செடிகளுக்குத் தரவல்லது என்று காட்டியது. அங்கே பிளாக் கிராமா புல் தகட்டின் மேல் உள்ள ஆழம் குறைந்த மணலில் தாக்குப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிரை அவிழ்த்தது. அதனால் நம் மூன்றாவது குழியை ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சூழல் தளத்தின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. அது அந்த ஊருக்கென்று உழைத்து எழுதப்பட வேண்டும். நியூ மெக்சிகோவின் விவரிப்பை எடுத்துத் தாருக்கு ஒட்ட முடியாது. அங்கே வேறு புல், வேறு கால்நடை, வேறு நில உரிமை.

இந்த இடத்தில்தான் மேய்ப்பவர்களின் பெயர்கள் கைகொடுக்கின்றன. தார் மக்கள் மணல் மேட்டைத் தோரா என்கிறார்கள். கல்லும் சரளையுமான மேட்டை மக்ரா என்கிறார்கள். உப்புப் பள்ளத்தை ரண் என்கிறார்கள். சுற்று மேடுகளின் நீர் வந்து தேங்கும்படி கரை கட்டி, ஈரம் வற்றியதும் விதைக்கும் வயல் கடீன். அதை ஜெய்சல்மேரின் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அமைத்தார்கள். இந்தப் பெயர்கள் மேல்மண்ணையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் நீரின் ஓட்டத்தையும் ஒருசேரச் சொல்கின்றன. நான் முதலில் கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. இல்லாதது சுண்ணாம்பின் ஆழம் மட்டும். அதற்குக் கடப்பாரையும், ஒரு புட்டி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். அமிலத் துளி பட்டதும் பொங்குகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தார் மணலில் மேலேயே கொஞ்சம் பொங்கும். அதனால் பொங்குவது எங்கே திடீரென்று கூடுகிறது, முடிச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகவே ஊர் நிலத்துக்கு என் தேர்வு இது. முடிவு எடுக்கச் சூழல் தளம். அதை உள்ளூர்ப் பெயர்களின் மேல் கட்டுங்கள், மேய்ப்பவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு தளமும் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு குழியாவது தோண்டி, அதற்கு அமெரிக்க வகைப்பாட்டுப் பெயரைக் குடும்ப நிலை வரை எழுதுங்கள். அரசு வரைபடத்தோடு பேச அது வேண்டும். உலக முறைப் பெயர் ஓர் அடிக்குறிப்பாக இருக்கட்டும். நிலத்திறன் எண்ணை யாராவது கட்டாயம் கேட்டால், பாசனம் இல்லாத நிலைக்கான எண் என்பதையும், அந்தத் தளத்தின் புல் நிலையையும் அதே வரியில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிப் பிரித்தால் வேலை தானாகத் தெளியும். தோராவில் மணல் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் காற்றைத் தடுக்க வேண்டும். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளூர்ப் புதர்க் கழிகளை வரிசை வரிசையாக ஊன்றி மணலை நிறுத்தும் முறையைப் பரப்பியிருக்கிறது. மணல் நின்ற பிறகே விதை. மணற்சமவெளிதான் விதைப்புக்கு உரிய இடம்: மழை 250 மி.மீ.க்குக் கீழே என்றால் சேவண், அதற்கு மேலே என்றால் தாமண். தாமண் வேறொன்றும் இல்லை, காங்கேயம் பக்கக் கொறங்காடுகளில் மாடு மேயும் நம் கொழுக்கட்டைப் புல்தான். விதை பஞ்சாக இருப்பதால் களிமண், சாணம், மணலோடு கலந்து உருண்டை பிடித்து, முதல் நல்ல மழையோடு மேலாகத் தூவ வேண்டும்; ஆழமாகப் புதைத்தால் முளை வெளியே வராது. ரண் ஓரத்தில் புல் விதையை வீணாக்க வேண்டாம், உகாய் மரங்கள் இருந்தால் அவற்றைக் காத்தால் போதும்.

மக்ராவில் தகடு 50 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று பல இடங்களில் கம்பி ஊன்றிப் பாருங்கள். இருந்தால் அங்கே உழவு வேண்டாம். ஒரு தடவை கீறினாலே மேலே இருக்கும் கொஞ்ச மணலும் காற்றோடு போய்விடும். பழைய புல் தூர்கள் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று மழைக்காலம் அடைப்புப் போட்டு, ஒவ்வொரு அக்டோபரிலும் அதே கோட்டில் நடந்து தூர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடவே இல்லையென்றால், சரளைக்கு இசையும், தாமணின் உறவான மோடா தாமண் புல்லைச் சிறு பள்ளங்களில் மட்டும் விதைத்துப் பார்க்கலாம்.